நாலாவது பெட்டியில் வந்த எச்சரிக்கையைத் தாண்டிவிட்டேன். உங்கள் மருந்தகத்தில் எதை மாற்றினீர்கள்?

இராப்பணி_மருந்தாளுநர்

மருத்துவமனை மருந்தகத்தில் எனக்கு இது பன்னிரண்டாவது வருடம். நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், கேள்வி அப்புறம்.

இரவு இரண்டரை மணி இருக்கும். 78 வயதுப் பெரியவர், இதயத் துடிப்புக் கோளாறுக்கு வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) எடுப்பவர். சிறுநீர்த் தொற்று என்று அவருக்குக் கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் ஆர்டர் வந்தது. எங்கள் கணினி புது ஆர்டர் எது வந்தாலும் பழைய ஆர்டர்களையும் சேர்த்து மறுபடி சோதிக்கும். அதனால் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக நாலு எச்சரிக்கைப் பெட்டிகள் வந்தன. முதலாவது, பாரசிட்டமால் இரண்டு முறை எழுதப்பட்டிருக்கிறது என்றது. ஒன்று வேளைக்கு வேளை, மற்றது காய்ச்சல் வந்தால் மட்டும். இரண்டாவது, இரண்டு இன்சுலின் இருக்கிறது என்றது. ஒன்று நாள் முழுவதற்கும், மற்றது சாப்பாட்டுக்கு முன். இரண்டும் இருந்தாக வேண்டும். மூன்றாவது ஒவ்வாமை. எப்போதோ கோடீன் சாப்பிட்டு வாந்தி எடுத்ததை யாரோ 'ஒவ்வாமை' என்று பதிந்திருக்கிறார்கள். இப்போது கொடுப்பது அதே குடும்பத்து மார்ஃபின். நாலாவதுதான் வார்ஃபரினும் கோட்ரைமாக்சசோலும் சேர்வது, ரத்தக் கசிவு அபாயம்.

நாலுக்கும் அதே மஞ்சள் நிறம், அதே எழுத்தளவு, அதே இடத்தில் அதே பொத்தான். நாலு முறை அழுத்தினேன். காரணம் கேட்ட இடத்தில் 'மருத்துவருக்குத் தெரியும்' என்று தேர்ந்தெடுத்தேன். மருத்துவருக்குத் தெரியாது. நான் கேட்கவே இல்லை.

நாலாம் நாள் காலை, பகல் ஷிப்டில் இருந்த தோழி ஆய்வக முடிவுகளைப் பார்க்கும்போது அந்தப் பெரியவருடைய ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்) 6.1 என்று கண்டுபிடித்தார். முன்பு 2.4 இருந்தது. வார்ஃபரினை நிறுத்தி, அதை முறிக்கும் வைட்டமின் கே கொடுத்தார்கள். ரத்தக் கசிவு எதுவும் ஆகவில்லை, நல்லபடியாக வீட்டுக்குப் போனார்.

எச்சரிக்கை வரவில்லை என்றால் கணினியைக் குறை சொல்லலாம். வந்தது, சரியாகவே சொன்னது, நான்தான் தாண்டினேன். 'இன்னும் கவனமாக இருங்கள்' என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். அன்றைக்கும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். உங்கள் இடத்தில் திரையில் எதை மாற்றி உண்மையிலேயே பலன் கிடைத்தது என்று சொல்லுங்கள்.

இல்லத்து_மருந்தாளர்

இதை வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி. நம்மில் பலர் இந்த நாலு பெட்டிகளைத் தாண்டியிருக்கிறோம். வாய்விட்டுச் சொல்பவர்கள் குறைவு.

நான் முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கு மருந்து சரிபார்ப்பவள். உங்களுக்காவது அந்தப் பெரியவரின் ஐஎன்ஆர் அதே கணினியில் ஒரு கிளிக் தூரத்தில் இருந்தது. எனக்கு அது இன்னொரு கட்டடத்தில், இன்னொரு மென்பொருளில், சில இடங்களில் ஒரு காகிதக் கோப்பில் இருக்கிறது. இல்லங்களைப் பற்றி விரிவாகப் பிறகு எழுதுகிறேன், இப்போது வேலைக்கு நேரமாகிவிட்டது.

பயிற்சி_மருத்துவர்

இவ்வளவு ஆபத்தான ஜோடி என்றால் கணினி ஏன் தாண்ட விடுகிறது? அந்த இரண்டையும் சேர்த்து எழுதவே முடியாதபடி பூட்டிவிட்டால் தீர்ந்தது. மருந்தகம் கூப்பிட்டுப் பேசிய பிறகுதான் திறக்கும் என்று வைக்கலாமே.

மூத்த_மருந்தாளர்

தம்பி, நீங்கள் சொல்வதைச் செய்தே பார்த்திருக்கிறார்கள். அதுவும் இதே ஜோடியை வைத்து. 2010இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு. வார்ஃபரினையும் கோட்ரைமாக்சசோலையும் சேர்த்து எழுதினால் ஒரு குழுவுக்குக் கணினி கிட்டத்தட்ட கதவை அடைத்துவிடும், மற்றக் குழுவுக்கு வழக்கமான முறைதான். கதவு அடைத்த குழுவில் 57 சதவீதத்துக்கு மேல் ஆர்டரைக் கைவிட்டார்கள், மற்றதில் 13.5 சதவீதம். இந்த எண்ணை மட்டும் பார்த்தால் பூட்டுதான் ஜெயித்தது. ஆனால் ஆய்வைப் பாதியில் நிறுத்த வேண்டி வந்தது. அவசரமாக மருந்து தேவைப்பட்ட நாலு நோயாளிகளுக்கு, கதவு அடைத்ததால் சிகிச்சை தாமதமானது.

இதனால் பூட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. மெத்தோட்ரெக்சேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை கொடுக்கும் மாத்திரை. யாராவது கைதவறித் 'தினமும்' என்று எழுதி, அது அப்படியே கொடுக்கப்பட்டால் எலும்பு மஜ்ஜை அற்றுப்போய் ஆளே போய்விடுவார். இப்படிப் பல இடங்களில் இறந்திருக்கிறார்கள். புற்றுநோய்ச் சிகிச்சை தவிர வேறு எதற்கும் தினசரி மாத்திரை தேவைப்படாது. ஆகவே, அங்கே தாராளமாகப் பூட்டலாம். எந்த நோய்க்கு என்று எழுதினால்தான் திறக்க வேண்டும். ஆர்டர் திரையே 'வாரம் ஒருமுறை' என்று நிரம்பி வர வேண்டும்.

வார்ஃபரின் ஜோடி அப்படிப்பட்டதல்ல. அந்த ஆன்டிபயாடிக்கைக் கொடுத்தே ஆக வேண்டிய நோயாளி நிச்சயமாக இருப்பார். நியாயமான விதிவிலக்கு அடிக்கடி வரும் இடத்தில் பூட்டினால், பூட்டை உடைக்கும் வழியை வார்டு ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டுவிடும்.

நிரல்_எழுதுபவர்

நான் மருந்துத் துறைக்காரன் இல்லை, இந்த மாதிரி மென்பொருள் எழுதுபவன். இந்தப் பக்கம் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன்.

எந்த மருந்துக்கு எது ஆகாது என்ற பட்டியலை நாங்கள் தயாரிப்பதில்லை. அது தனி அறிவுத்தளமாக விலைக்கு வருகிறது. அதைத் தயாரிப்பவர்களுக்கு ஒரு பயம் உண்டு: ஏதாவது ஒரு ஜோடியை விட்டுவிட்டு யாருக்காவது ஏதாவது ஆனால், 'உங்கள் பட்டியலில் ஏன் இல்லை' என்று கேட்பார்கள். அதிகமாகப் போட்டதற்காக யாரும் வழக்குப் போடுவதில்லை. எனவே எல்லாமே உள்ளே வரும். அதை வாங்கும் மருத்துவமனையும் இதே பயத்தில் எதையும் அணைப்பதில்லை. கடைசியில் பாரம் முழுவதும் இரவு இரண்டரை மணிக்கு உட்கார்ந்திருப்பவர் விரலில் வந்து இறங்குகிறது. 2006இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, மருந்துப் பாதுகாப்பு எச்சரிக்கைகளில் 49 முதல் 96 சதவீதம் வரை தாண்டப்படுகின்றன என்று கண்டது. அவ்வளவு பேரும் கவனக்குறைவானவர்கள் என்றால் நம்ப முடியுமா?

ஒரு முறை வாடிக்கையாளர் மருந்தகத்தில் ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். காரணம் எழுதச் சொல்லி நாங்கள் வைத்த கட்டத்தில் அங்கிருந்தவர் ஒரு புள்ளி மட்டும் வைத்தார். அடுத்ததற்கும் புள்ளி. நான் கேட்காமலே அவர் சொன்னார்: 'இதைப் படிக்கிறவர் யார் என்று தெரிந்தால் எழுதுவேன்.' எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கட்டத்தில் சேர்ந்த எதையும் எங்களில் ஒருவரும் திறந்து பார்த்ததே இல்லை.

எந்த எச்சரிக்கை, யாருக்கு, எந்த நேரத்தில், எத்தனை நொடியில் தாண்டப்பட்டது என்பதெல்லாம் பதிவில் இருக்கிறது. கேட்டால் எடுத்துத் தரலாம், ஆனால் கேட்டு வருபவர்கள் மிகக் குறைவு. உங்கள் இடத்துக் கணினிப் பிரிவிடம் போன மாதத்துப் பதிவைக் கேளுங்கள். அதிகம் வந்த இருபது எச்சரிக்கைகளை எடுத்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும்.

இன்னொன்று. தாண்டிய சதவீதத்தை மட்டும் வைத்து அணைக்கவோ வைக்கவோ முடிவு செய்யாதீர்கள். சில தாண்டல்கள் சரியானவை: மருத்துவர் தெரிந்தே கொடுக்கிறார், சோதனைக்கும் எழுதிவிட்டார். அதே போல, மெத்தோட்ரெக்சேட் எச்சரிக்கை வருடத்துக்கு இரண்டு முறைதான் வரும். எண்ணிக்கைப் பட்டியலில் கண்ணிலேயே படாது. தாண்டியவற்றில் சிலவற்றைக் கையால் எடுத்து, நோயாளிக்கு அப்புறம் என்ன ஆனது என்று ஒரு மருந்தாளுநர் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

வார்டு_செவிலி

நீங்கள் எல்லாரும் உங்கள் திரையைப் பற்றியே பேசுகிறீர்கள். நீங்கள் தாண்டும்போது அது எங்கே போகிறது என்று தெரியுமா? பாதிக்கு மேல் எங்களிடம்தான் வருகிறது. மருந்துச் சீட்டின் ஓரத்தில் 'கண்காணிக்கவும்' என்று ஒரு சொல்லாக.

ஒரு நோயாளிக்கு அப்படி ஒன்பது 'கண்காணிக்கவும்' இருந்ததை நான் எண்ணியிருக்கிறேன். எதைக் கண்காணிக்க? ரத்த அழுத்தமா, தூக்கமா, தோலில் தடிப்பா? எத்தனை மணிக்கு ஒருமுறை? எந்த எண்ணைத் தாண்டினால் யாரைக் கூப்பிட வேண்டும்? ஒன்றும் இருக்காது. வேலையை எங்கள் தலையில் இறக்கி வைத்த கணக்கு முடிந்துவிடும், நோயாளிக்கு ஒன்றும் நடக்காது.

ஒரே ஒரு மருந்தாளர் மட்டும் வேறு மாதிரி எழுதுவார். 'மாலை 6 மணிக்குப் பொட்டாசியம் எடுக்கவும், 5.5க்கு மேல் இருந்தால் இரவு மாத்திரையைக் கொடுக்காமல் என்னை அழைக்கவும்' என்று. அதைப் படித்த நிமிடமே என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். அவர் ஷிப்டில் நாங்கள் நிம்மதியாக வேலை பார்ப்போம்.

பயிற்சி_மருத்துவர்

அக்கா, இது எனக்கு உறைத்தது. அந்த வார்த்தையை நானும் எழுதியிருக்கிறேன். இனிமேல் எண்ணும் நேரமும் போட்டுத்தான் எழுதுவேன்.

மூத்தவர் சொன்னதும் புரிகிறது சார். ஒவ்வாமைப் பெட்டி பற்றி ஒன்று சேர்க்கிறேன். எங்களை அதிகம் தொந்தரவு செய்வது அதுதான். சுமார் பத்தில் ஒரு நோயாளிக்குப் 'பெனிசிலின் ஒவ்வாமை' என்று பதிவு இருக்கிறது. முறையாகச் சோதித்தால் அவர்களில் 90 சதவீதம் பேருக்கு மேல் பெனிசிலின் ஒத்துக்கொள்கிறது. பெனிசிலினுக்கு உறவான செஃபலோஸ்போரின் ஆன்டிபயாடிக்கை எழுதினாலும் கணினி கத்தும். பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் அதுவும் பத்தில் ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாது என்ற பழைய கணக்கை வைத்து அது கத்துகிறது. இப்போது அது 2 சதவீதம் அளவுதான் என்கிறார்கள்.

நான் இப்போது நோயாளி உள்ளே வரும்போதே 'அன்றைக்கு என்ன ஆச்சு?' என்று கேட்டு எழுதுகிறேன். 'வயிறு கலக்கியது' என்றால் அதை ஒவ்வாமை என்று பதியாமல், ஒத்துக்கொள்ளாமை என்ற தனிக் கட்டத்தில் போடுகிறேன். தோலில் தடிப்பு வந்தது, மூச்சு அடைத்தது, முகம் வீங்கியது என்பது போல இருந்தால்தான் ஒவ்வாமை. அந்த ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம் ஆகும். அதைக் கேட்காவிட்டால் அதே நோயாளிக்கு அடுத்த பத்து வருடத்துக்குப் பெட்டி வந்துகொண்டே இருக்கும்.

மூத்த_மருந்தாளர்

நல்ல பழக்கம். விடாதீர்கள்.

ஆனால் எல்லாரும் 'அணை, அணை' என்று ஒரே பக்கமாகப் போவதில் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. நான் வேலைக்கு வந்தபோது கணினி இல்லை. நினைவும் ஒரு தடித்த புத்தகமும்தான். தப்பிப்போனவை எத்தனை என்று யாருக்கும் தெரியாது, எண்ணக்கூட வழி இல்லை. ஓர் எச்சரிக்கையை நாம் அணைத்த மறு மாதம் அதனாலேயே ஒருவர் பாதிக்கப்பட்டால் யார் பதில் சொல்வது? 'எங்கள் ஷிப்டில் தொந்தரவாக இருந்தது' என்பது அந்தக் குடும்பத்துக்குப் பதிலாகுமா?

இராப்பணி_மருந்தாளுநர்

சார், அந்தக் கேள்வியை நானும் பல ராத்திரி கேட்டுக்கொண்டேன். என் பெரியவர் குடும்பத்துக்கு என்ன பதில் என்றும் கேட்டுக்கொண்டேன். 'எச்சரிக்கை இருந்தது, ஆனால் மூன்று வீண் பெட்டிகளுக்குப் பின்னால் இருந்தது' என்பதும் பதிலாகாதே.

2013இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்தது நினைவிருக்கும். 16 வயதுப் பையன். அதே கோட்ரைமாக்சசோல். ஒரு மாத்திரை கொடுக்க வேண்டியது. டோஸ் கட்டத்தில் அலகு 'கிலோவுக்கு இத்தனை மி.கி.' என்று இருந்ததை மருத்துவர் கவனிக்கவில்லை, 160 மி.கி. என்று நினைத்து எழுதியதைக் கணினி 160ஐ எடையால் பெருக்கி 38½ மாத்திரை ஆக்கியது. மருத்துவருக்கு எச்சரிக்கை வந்தது, தாண்டினார். மருந்தாளுநருக்கும் வந்தது, தாண்டினார். இயந்திரம் பிசகாமல் எண்ணிப் பொட்டலம் கட்டியது. செவிலியின் பார்கோடு கருவி 'சரி' என்றது. பையனுக்கு வலிப்பு வந்தது, நல்லவேளை, பிழைத்துக்கொண்டான். அளவு கொஞ்சம் கூடியதற்கும் 38 மடங்கு கூடியதற்கும் திரையில் பார்த்தவுடன் தெரியும்படி ஒரு வித்தியாசமும் இல்லை. அதுதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்கிறது.

அதனால் எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லவில்லை, தரம் பிரிக்கலாம் என்கிறேன். 2009இல் இரண்டு மருத்துவமனைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒன்றில் எச்சரிக்கைகளை மூன்று அடுக்காகப் பிரித்திருந்தார்கள்: மிகக் கடுமையானதற்கு வழி அடைப்பு, நடுத்தரத்துக்கு நின்று காரணம் சொல்ல வேண்டும், லேசானது ஓரத்தில் தகவலாக நிற்கும். மற்றதில் எல்லாம் ஒரே மாதிரி. பிரித்த இடத்தில் கடுமையான எச்சரிக்கைகள் அத்தனையும் ஏற்கப்பட்டன. பிரிக்காத இடத்தில் 34 சதவீதம். அறிவுத்தளம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

எதை அணைப்பது என்பதையும் நாமாகக் கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்ய வேண்டியதில்லை. எச்சரிக்கை குறுக்கே வந்து நிற்கத் தேவையில்லாத 33 இடைவினைகளை (ஒரு மருந்து இன்னொன்றின் வேலையை மாற்றுவது) ஒரு நிபுணர் குழு பட்டியலிட்டு 2013இல் வெளியிட்டிருக்கிறது. நெதர்லாந்தில் மருந்தாளுநர் சங்கமே ஒவ்வொரு இடைவினையையும் எடுத்து, 'இது உண்மையா, உண்மை என்றால் ஏதாவது செய்ய வேண்டுமா' என்று இரண்டு கேள்விக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி நாட்டுக்கே பொதுவாக வைத்திருக்கிறது. இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. செய்வதற்கு ஒன்றுமில்லாத எச்சரிக்கை யாருக்காக?

மூத்த_மருந்தாளர்

யார் அணைத்தார்கள், ஏன், எந்தத் தேதியில், மறுபடி எப்போது பார்ப்பார்கள் என்று எழுதி வைத்தால் எனக்குச் சம்மதம். கையெழுத்தில்லாமல் அணைப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

இல்லத்து_மருந்தாளர்

சொன்னபடி வருகிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனையில் உங்கள் பிரச்சினை எச்சரிக்கை அதிகம். இல்லத்தில் எங்களுக்கு அதோடு இன்னொன்றும் இருக்கிறது: தேவையான எச்சரிக்கை வருவதே இல்லை. 2008இல் இரண்டு நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் இந்த மாதிரி கணினி முறையை வைத்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தார்கள். மருந்தால் வரும் தீங்கு குறையவே இல்லை. எனக்கு அது ஆச்சரியமாக இல்லை.

போன மாதம் நான் பார்த்த ஒரு பாட்டியைச் சொல்கிறேன். வயது 86, எடை 42 கிலோ. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தச் சோதனை எண்ணான கிரியாட்டினின் 1.1. ஆய்வக அறிக்கையில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் சிவப்புக் குறி எதுவும் இல்லை, ஏனென்றால் ஒரு வாலிபருக்கு அது சாதாரணம். வயது, எடை, கிரியாட்டினின் மூன்றையும் சேர்த்துச் சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைக் கணிக்கும் காக்ராஃப்ட்-கால்ட் சூத்திரத்தில் போட்டால் நிமிடத்துக்கு 24 மி.லி. வருகிறது. அதாவது சிறுநீரகம் நிறையவே தளர்ந்துவிட்டது. அவருக்கு நரம்பு வலிக்குக் கபாபென்டின் 300 மி.கி. மூன்று வேளை. இந்த அளவு சிறுநீரகத்துக்கு ஒரு நாளுக்கே 200 முதல் 700 வரைதான், அதுவும் ஒரே வேளையாக. பகல் முழுக்கத் தூங்கி வழிகிறார், இரண்டு முறை விழுந்துவிட்டார் என்று எழுதியிருந்தார்கள். வயதாகிவிட்டது என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள்.

கணினி என்ன சொன்னது? 'சிறுநீரகக் கோளாறு இருந்தால் டோஸைக் குறைக்கவும்.' எல்லாருக்கும் எல்லா நாளும் சொல்லும் அதே வரி. வயது அதனிடம் இருக்கிறது, கிரியாட்டினின் செவிலியர் கோப்பில் இருக்கிறது, எடை மாதம் ஒருமுறை ஒரு நோட்டில் எழுதப்படுகிறது. மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போட யாரும் இல்லை. நான் தாளில் போட்டேன். இதை எதிர்ப்பக்கமாகச் செய்து பார்த்த ஆய்வும் உண்டு, 2009இல்: நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்தில், அந்த நபரின் சிறுநீரக எண்ணுக்கு எந்த டோஸ் சரி என்பதையே எச்சரிக்கையில் எழுதிக் காட்டினார்கள். சரியான ஆர்டர்கள் கூடின. பொதுப்படையாகப் பயமுறுத்துவதை நிறுத்தி, இவருக்கு இவ்வளவு என்று சொன்னால் கேட்கிறார்கள்.

வராத எச்சரிக்கைகள் இன்னும் இருக்கின்றன. விழுங்க முடியாதவர்களுக்கு மாத்திரையை இடித்துக் கஞ்சியில் கலந்து கொடுப்பது இல்லங்களில் தினசரி நடப்பது. மெதுவாகக் கரைய வேண்டிய மார்ஃபின் மாத்திரையை இடித்தால் பன்னிரண்டு மணி நேரத்து மருந்து ஒரே நேரத்தில் உள்ளே போகும். 'இவருக்கு இடித்துக் கொடுக்கிறோம்' என்று குறிக்க எங்கள் மருந்தகத் திரையில் ஒரு கட்டம்கூட இல்லை. கட்டம் இல்லாத இடத்தில் எச்சரிக்கை எங்கிருந்து வரும்?

அப்புறம், மருந்தால் வந்த தொந்தரவுக்கு மருந்து. ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் கொடுத்ததால் கால் வீங்கும், வீக்கத்துக்குச் சிறுநீரைக் கூட்டும் ஃபுரோசமைடு, அதனால் பொட்டாசியம் இறங்கும், அதற்குப் பொட்டாசியம் திரவம். எந்த இரண்டை எடுத்து மோதிப் பார்த்தாலும் கணினிக்குத் தவறு தெரியாது. கதையை முதலிலிருந்து படித்தால்தான் தெரியும். ஒரு மருந்து தொடங்கிய மூன்று மாதத்துக்குள் அதன் பெயர்போன பக்கவிளைவுக்கு இன்னொரு மருந்து வந்தால் ஓரத்தில் ஒரு குறிப்புப் போடச் சொல்லி மென்பொருள்காரர்களிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

எனக்கு இது ஒரு வழியாகவும் தெரிகிறது. இல்லத்தில் ஒவ்வொருவரின் மருந்துப் பட்டியலையும் மாதாமாதம் எடுத்து, 'இது இன்னும் வேண்டுமா' என்று பார்க்கிறோம். எச்சரிக்கைப் பட்டியலையும் அதே மேசையில், அதே நாளில் வைத்துப் பாருங்கள். மூத்தவர் கேட்கும் கையெழுத்தும் தேதியும் அந்தக் கூட்டத்தில் தானாகவே வந்துவிடும்.

நிரல்_எழுதுபவர்

இடித்துக் கொடுப்பதற்கான கட்டம் கடினமான வேலையே இல்லை. எந்த மாத்திரையை இடிக்கக் கூடாது என்ற பட்டியல் அறிவுத்தளங்களில் ஏற்கெனவே இருக்கிறது. நோயாளி பக்கத்தில் ஒரு குறி வேண்டும், அவ்வளவுதான். எங்கள் அடுத்த பதிப்புக்கான பட்டியலில் இதை இன்றே எழுதிவிட்டேன். மூன்று மாதக் குறிப்பு கொஞ்சம் யோசிக்க வேண்டியது. அவசரப்பட்டுச் செய்தால் இன்னொரு மஞ்சள் பெட்டியாகிவிடும்.

அம்மாவின்_மகள்

நான் இந்தத் துறையே இல்லை. அம்மா பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார் என்பதால் தேடிக்கொண்டு வந்து படித்தேன். அம்மா மாத்திரையை வாயில் ஒதுக்கி வைத்து, ஆள் போனதும் துப்பிவிடுவார். இது எனக்குத் தெரியும், காலையில் வரும் உதவியாளருக்குத் தெரியும். 'மருந்து எடுத்தும் ரத்த அழுத்தம் இறங்கவில்லை' என்று போன வாரம் டோஸைக் கூட்டியிருக்கிறார்கள். நான் யாரிடம் சொன்னால் உங்கள் திரைக்குப் போகும்?

இல்லத்து_மருந்தாளர்

அம்மா, இன்றைக்கே இல்லத்தின் பொறுப்புச் செவிலியிடம் சொல்லுங்கள், மருந்துச் சீட்டில் 'துப்பிவிடுகிறார்' என்று எழுதச் சொல்லுங்கள், மருந்தாளுநருடன் பேச வேண்டும் என்றும் கேளுங்கள். கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. கூட்டிய டோஸை அம்மா ஒரு நாள் உண்மையிலேயே விழுங்கிவிட்டால் அழுத்தம் சட்டென்று இறங்கும். தள்ளிப்போடாதீர்கள்.

அம்மாவின்_மகள்

சொல்லிவிட்டேன். எழுதினார்கள். நாளை மருந்தாளுநர் கூப்பிடுகிறார். நன்றி அக்கா.

இராப்பணி_மருந்தாளுநர்

ஆறு வாரம் கழித்து வருகிறேன். என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டும் இல்லையா.

நிரல்காரர் சொன்னபடி போன மாதத்துப் பதிவைக் கேட்டு வாங்கினோம். ஒரு மருந்தாளுநர், ஒரு மருத்துவர், வார்டிலிருந்து ஒரு செவிலி, கணினிப் பிரிவிலிருந்து ஒருவர் என நாலு பேர் உட்கார்ந்தோம். முதல் கூட்டத்தில் மூன்று விஷயம்தான் முடிந்தது, ஆனால் அதிலேயே சுமை கண்ணுக்குத் தெரியக் குறைந்தது. புது ஆர்டர் வரும்போது, நாங்கள் ஒருமுறை பார்த்து முடித்த பழைய ஆர்டர்களுக்கு மறுபடி பெட்டி வராது. டோஸோ ஆய்வக எண்ணோ மாறினால் மட்டும் வரும். நீண்ட நேர இன்சுலினும் சாப்பாட்டு இன்சுலினும் சேர்வதை இனி 'இரட்டிப்பு' என்று சொல்லாது. பாரசிட்டமாலுக்கு இரண்டு ஆர்டர் இருப்பதைக் கேட்பதை விட்டுவிட்டு, எல்லாம் சேர்த்து ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டுமா என்று கூட்டிப் பார்க்கும். மூன்றிலும் மூத்தவர் கேட்ட மாதிரி பெயர், காரணம், தேதி, மறுபரிசீலனை நாள் எழுதினோம்.

அப்புறம் என்னுடைய நாலாவது பெட்டி. பழையது இப்படி இருந்தது: 'வார்ஃபரின் – கோட்ரைமாக்சசோல்: இடைவினை. ரத்தக் கசிவு அபாயம் கூடலாம். கண்காணிக்கவும்.' புதியது இப்படி:

'வார்ஃபரின் எடுக்கிறார். கோட்ரைமாக்சசோல் சேர்ந்தால் சில நாளில் ஐஎன்ஆர் ஏறும். கடைசி ஐஎன்ஆர் 2.4, இரண்டு நாள் முன். கல்ச்சர் (கிருமிப் பரிசோதனை) முடிவு: பார்க்க. வேறு ஆன்டிபயாடிக் முடியுமா? இதுவே வேண்டும் என்றால் 3ஆம் நாள் ஐஎன்ஆர் சோதனை சேர்க்கப்படும். 4க்கு மேல் போனால் மருந்தகத்தை அழைக்கவும்.'

சோதனைக் கட்டம் ஏற்கெனவே டிக் செய்யப்பட்டே வருகிறது. வேண்டாம் என்றால்தான் எடுக்க வேண்டும். முதலில் மருத்துவருக்கு வருகிறது. அவர் சோதனையை ஏற்றுக்கொண்டால் எனக்குப் பெட்டி வராது, ஓரத்தில் ஒரு வரி மட்டும் தெரியும். அவர் சோதனையை எடுத்துவிட்டால் எனக்குச் சிவப்பில் வரும், நான் கூப்பிட்டுப் பேசுவேன். 'மருத்துவருக்குத் தெரியும்' என்ற காரணத்தைப் பட்டியலிலிருந்தே நீக்கச் சொன்னது நான்தான். அதற்குப் பதில் 'பேசினேன்: பெயர், நேரம்' என்று இருக்கிறது.

காரணக் கட்டத்தில் எழுதுவதை வெள்ளிக்கிழமைதோறும் நானே படிக்கிறேன். படிக்கிறேன் என்று எல்லாருக்கும் தெரியும்படி பதிலும் போடுகிறேன். இப்போது புள்ளி வைப்பவர்கள் அநேகமாக இல்லை. போன வாரம் ஒருவர் 'இந்த எச்சரிக்கை தவறு, டயாலிசிஸ் நோயாளிக்கு இது பொருந்தாது' என்று நாலு வரி எழுதியிருந்தார். அவர் சொன்னது சரி.

வார்டு_செவிலி

'கண்காணிக்கவும்' போனதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது, உண்மையாகச் சொல்கிறேன்.

மூத்த_மருந்தாளர்

டோஸ் மாறாமல், ஆனால் நோயாளியின் நிலை மாறினால்? சிறுநீரகம் திடீரென்று படுத்துவிட்டால் பழைய ஆர்டருக்குப் பெட்டி திரும்ப வருமா?

இராப்பணி_மருந்தாளுநர்

கிரியாட்டினின் புதிதாக வந்து ஏறியிருந்தால் வரும் சார். சோதனையே எடுக்கவில்லை என்றால் வராது. அந்த ஓட்டை இன்னும் இருக்கிறது. ஏழு நாளாகச் சோதனை இல்லாதவர்கள் பட்டியலைத் தினமும் காலையில் தனியாக எடுக்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

இல்லத்து_மருந்தாளர்

உங்கள் புதிய பெட்டியை அப்படியே எங்கள் இல்லங்களுக்கு எடுத்துக்கொள்ளலாமா? ஒன்று மட்டும் கேட்க வேண்டும். '3ஆம் நாள் ஐஎன்ஆர்' என்கிறீர்கள். வெள்ளிக்கிழமை மருந்து தொடங்கினால் மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நான் பார்க்கும் பெரும்பாலான இல்லங்களில் ஞாயிறன்று ரத்தம் எடுக்க ஆள் வருவதில்லை.

இராப்பணி_மருந்தாளுநர்

தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு எங்களுக்குத் தோன்றவே இல்லை. ஆய்வகம் இல்லாத நாளில் விழுந்தால் முந்தைய வேலை நாளில் ஒன்று, அடுத்த வேலை நாளில் ஒன்று என இரண்டு சோதனை வைக்கலாமா? செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் எடுக்கிறேன், முடிவானதும் இங்கேயே எழுதுகிறேன்.